எட்டு வருஷம் கட்டாத வீட்டுவரி: வேல்ஸ், 1962

1952 ஏப்ரலில் ஐலீன் பீஸ்லியும் அவர் கணவர் ட்ரெவரும் தென்மேற்கு வேல்ஸில் லாங்கெனெக் என்ற ஊரில் ஒரு சின்ன வீடு வாங்கிக் குடிபோனார்கள். ட்ரெவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஐலீன் ஆசிரியையாக இருந்தவர். வீடு வாங்கினால் வீட்டுவரி நோட்டீஸ் வரும். வந்தது, லானெல்லி ஊரக மாவட்டக் கவுன்சிலிடமிருந்து, முழுக்க முழுக்க ஆங்கிலத்தில். ஐலீன் கவுன்சிலுக்குக் கடிதம் போட்டார்: இதையே வெல்ஷ் மொழியில் அனுப்புங்கள். முடியாது என்று பதில் வந்தது. அப்படியானால் வரியும் கட்ட முடியாது என்றார் ஐலீன்.

வேல்ஸின் 1962ஐப் பற்றி எழுதப் போய் பத்து வருஷம் பின்னால் தொடங்குகிறேன். அந்த வருஷத்தில் நடந்த பெரிய விஷயமான வெல்ஷ் மொழிப் போராட்டத்தின் வேர் இந்த நோட்டீஸில் இருக்கிறது. பொதுவாக எல்லோரும் கதையை 1962 பிப்ரவரியில் நாடகாசிரியர் சாண்டர்ஸ் லூயிஸ் ஆற்றிய ஒரு வானொலிச் சொற்பொழிவிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் அந்தச் சொற்பொழிவு ஒலிபரப்பானபோது பீஸ்லி வழக்கு ஜெயித்தே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

(பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெல்ஷில் இரட்டை எல் எழுத்துக்கு ஓர் ஒலி உண்டு. நாக்கு நுனியை 'ல' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் இல்லாமல் பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். தமிழில் அதற்கு எழுத்து கிடையாது, 'ல' என்றே எழுதுகிறேன். ஆங்கிலத்திலும் கிடையாது. அந்தக் காலத்து ஆங்கிலக் காகிதங்களில் ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தைக்கூட மாற்றி 'லானெல்லி'யை ஆங்கில வழக்கப்படியே அச்சிட்டார்கள்.)

கவுன்சிலில் எல்லோருக்கும் வெல்ஷ் தெரியும்

இந்த வழக்கில் வெளியூர்க்காரர் யாரும் இல்லை. லாங்கெனெக் வட்டாரத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வெல்ஷ் பேசுகிறவர்கள். கவுன்சில் உறுப்பினர்கள் எல்லோரும் வெல்ஷ் பேசுவார்கள். அலுவலகத்தில் இருந்தவர்களும் அப்படித்தான். ஆகவே வெல்ஷ் தெரிந்த ஒருவர், வெல்ஷ் தெரிந்த இன்னொருவருக்கு, ஆங்கிலத்தில் நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருந்தார். லண்டனிலிருந்து யாரும் வந்து கழுத்தைப் பிடிக்கவில்லை.

ஏன் இப்படி? 1536இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்தது. நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம், வெல்ஷ் மட்டும் பேசுகிறவருக்கு அரசுப் பதவி கிடையாது என்பது அதில் இருந்த ஒரு பிரிவு. அதற்கப்புறம் நானூறு வருஷத்தில் அது சட்டமாக இருப்பதைத் தாண்டி, மனசுக்குள் ஊறிய பழக்கமாகிவிட்டது. வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் கவியரங்குக்கும் வெல்ஷ். அலுவலகத்துக்கும் வங்கிக்கும் கோர்ட்டுக்கும் ஆங்கிலம். 1847இல் பள்ளிக்கூடங்களை ஆராய வந்த ஆங்கிலேய ஆணையர்கள் மூவர், மக்களின் பின்தங்கிய நிலைக்கும் ஒழுக்கக் குறைவுக்கும் வெல்ஷ் மொழியே காரணம் என்கிற மாதிரி அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கைப் புத்தகங்களின் அட்டை நீலம். 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று வெல்ஷ்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். திட்டினார்களே தவிர, பிள்ளை முன்னுக்கு வர ஆங்கிலம்தான் வழி என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வீடுகளுக்குள் நுழைந்தது.

1942இல் வெல்ஷ் நீதிமன்றச் சட்டம் வந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனுவின் விளைவு அது. ஆனால் அந்தச் சட்டம் கொடுத்தது அரை உரிமைதான். ஆங்கிலத்தில் பேசினால் தனக்குப் பாதகம் ஏற்படும் என்கிறவர் மட்டும் வெல்ஷில் பேசலாம். இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. பீஸ்லி தம்பதிக்கு இரண்டும் தெரியும்.

ஜப்தி

வழக்கு நடந்த விதம் மிகச் சாதாரணமானது. வரி கட்டாவிட்டால் சம்மன் வரும். மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க வேண்டும். அப்புறமும் கட்டாவிட்டால் ஜப்தி ஆணை. அமீனாக்கள் வந்து சாமான்களைத் தூக்கிப் போவார்கள், ஏலத்தில் விற்று வரிப்பாக்கியை எடுத்துக்கொள்வார்கள்.

பீஸ்லி தம்பதி பன்னிரண்டு தடவைக்கு மேல் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டார்கள். ஒவ்வொரு தடவையும் விசாரணையும் வெல்ஷிலேயே நடக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். குறைந்தது மூன்று முறை வீட்டுச் சாமான்கள் ஜப்தியாயின. எடுத்துப்போன சாமான்களின் மதிப்பு, கட்ட வேண்டிய வரியைவிட அதிகம். புதுக் குடித்தனம், சுரங்கத் தொழிலாளியின் சம்பளம். கவுன்சில் கேட்ட தொகையை ஒரு நாளில் கட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

இப்படியே எட்டு வருஷம் போனது. 1960இல் ஒரு நாள் நோட்டீஸ் வந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், இன்னொரு பக்கம் வெல்ஷ். அந்த வெல்ஷும் ஆங்கிலத்துக்குக் குறையாமல் நன்றாகவே இருந்தது. அதாவது, எழுதத் தெரிந்த ஆள் அந்த எட்டு வருஷமும் அலுவலகத்திலேயே இருந்திருக்கிறார்! இந்த வழக்கில் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்க வைக்கிற இடம் இதுதான். செலவு, ஆள் பற்றாக்குறை, கலைச்சொல் இல்லை என்று சொல்லப்படும் காரணங்களையெல்லாம் அந்த ஒரு தாள் காலி செய்துவிட்டது.

பிற்காலப் பத்திரிகைகள் ஐலீனை வேல்ஸின் ரோசா பார்க்ஸ் என்று எழுதின. எனக்கு அந்த ஒப்பீடு அவ்வளவாக ஒட்டவில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்தது 1955இல், ஐலீன் தொடங்கி மூன்று வருஷம் கழித்து. அங்கே ஒரு நகரமே பின்னால் திரண்டது. லாங்கெனெக்கில் அந்தக் குடும்பம் பெரும்பாலும் தனியாகத்தான் நின்றது.

13 பிப்ரவரி 1962

பிபிசி வேல்ஸின் வருடாந்திரச் சொற்பொழிவை அந்த வருஷம் சாண்டர்ஸ் லூயிஸ் ஆற்றினார். ஒரு செவ்வாய்க்கிழமை. வானொலி, வெல்ஷ் மொழி. தலைப்பு 'டிங்கெட் அர் யாய்த்', மொழியின் விதி.

லூயிஸ் அப்போது அறுபத்தெட்டு வயது நாடகாசிரியர். பிறந்தது வேல்ஸில்கூட இல்லை. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள வாலஸியில், ஒரு வெல்ஷ் குடும்பத்தில். 1925இல் வெல்ஷ் தேசியக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், பின்னால் 'ப்ளைட் கம்ரி' என்று அறியப்பட்ட கட்சி. 1936இல் லின் தீபகற்பத்தில் பென்யபெர்த் என்ற இடத்தில் விமானப்படை அமைத்துக்கொண்டிருந்த குண்டுவீச்சுப் பயிற்சிப் பள்ளிக்கு அவரும் இரண்டு நண்பர்களும் தீ வைத்துவிட்டு, நேராகக் காவல் நிலையத்துக்குப் போய் நாங்கள்தான் செய்தோம் என்றார்கள். கெர்னார்வன் நீதிமன்றத்தில் ஜூரிகளுக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை. வழக்கை லண்டனுக்கு மாற்றி ஒன்பது மாதச் சிறை கொடுத்தார்கள். ஸ்வான்ஸீ பல்கலைக்கழகக் கல்லூரி அவரை வேலையிலிருந்து நீக்கியது. 1943இல் ஓர் இடைத்தேர்தலில் தோற்றபின் அரசியலை விட்டு விலகியே இருந்தார். அதனால் இந்தக் குரல் வானொலியில் கேட்டபோது பலருக்கு அது பழைய காலத்திலிருந்து வந்த குரல்.

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிப் புள்ளிவிவரம் அப்போது வெளியாகவில்லை. வரப்போகிற எண்கள் அதிர்ச்சி தரும் என்று முன்கூட்டியே சொன்னார். இப்படியே போனால் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் உயிருள்ள மொழியாக இருக்காது, அதுவும் அப்போது பிரிட்டன் தீவில் மனிதர்கள் மிச்சமிருந்தால், என்று ஒரு கறுப்பு நகைச்சுவையையும் சேர்த்தார். அணுகுண்டுக் காலம் அது.

எண்கள் வந்தன. 1901இல் வேல்ஸ் மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெல்ஷ் பேசினார்கள். 1951இல் 28.9 சதவீதம். 1961இல் 26 சதவீதம், 6,56,002 பேர். பத்து வருஷத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் குறைவு.

சொற்பொழிவின் பெரும்பகுதி வரலாறுதான். 1536, 1847, அப்புறம் 1889இல் ருதின் நீதிமன்றத்தில் சாட்சியாக நின்று வெல்ஷில்தான் பேசுவேன் என்ற பாதிரியார் எம்ரிஸ் ஆப் இவான். லிவர்பூலின் தண்ணீர்த் தேவைக்காக மூழ்கடிக்கப்பட இருந்த, ட்ரவெரின் பள்ளத்தாக்கின் கப்பெல் கெலின் கிராமமும் வந்தது. 1957இல் அந்த அணைக்கான மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. இருந்தும் அது சட்டமானது. எனவே அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றித்தான் அன்று ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. எதிர்பார்த்தபடி லூயிஸ் அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் லாங்கெனெக் வீட்டுவரிக்கு வந்தார். எட்டு வருஷக் கதையையும் தேதியோடு, தொகையின் அளவோடு, ஜப்திக் கணக்கோடு சொன்னார்.

வெல்ஷ் பேசுகிறவர்கள் கணிசமாக இருக்கிற வட்டாரங்களில் இதையே முறையாக, கூட்டாகச் செய்யுங்கள் என்பது அவர் கேட்டது. வெல்ஷ் இல்லாமல் அங்கே உள்ளாட்சியோ மைய அரசோ அலுவல் நடத்த முடியாதபடி செய்ய வேண்டும். வெல்ஷ் நோட்டீஸ் வராமல் வரி கட்டாதே. வெல்ஷ் படிவம் இல்லாமல் உரிமம் வாங்காதே. புரட்சி வழியில்தான் மொழி பிழைக்கும் என்றார். ஆனால் அவர் சொன்ன புரட்சியின் ஆயுதம் ஒரு வரிக் காகிதம்.

இன்னொன்றும் சொன்னார், இது கட்சிக்காரர்களுக்குக் கசந்தது: தன்னாட்சியைவிட மொழி முக்கியம். வெல்ஷ் அலுவல் மொழியாவதற்கு முன் தன்னாட்சி வந்தால், மொழி இன்னும் சீக்கிரம் சாகும்.

பதில் சொன்னவர்கள் வேறு

லூயிஸ் பேசியது ப்ளைட் கம்ரியைப் பார்த்து. அந்தக் கட்சி அப்போது க்வின்வர் எவன்ஸ் தலைமையில் தேர்தல் வழியில் நடந்துகொண்டிருந்தது. 1959 பொதுத் தேர்தலில் 20 தொகுதிகளில் நின்று ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. தெற்குச் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் லட்சக்கணக்கானவர்கள் ஆங்கிலம் மட்டுமே பேசினார்கள். அவர்களுடைய ஓட்டு இல்லாமல் எங்கே ஜெயிப்பது? மொழிக்காகச் சட்டத்தை மீறும் கட்சி என்ற பெயர் வந்தால் அந்தப் பக்கமே போக முடியாது. எவன்ஸின் கணக்கு தவறு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. 1966இல் அவர் கெர்மார்தன் இடைத்தேர்தலில் வென்று கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். லாங்கெனெக்கும் அதே கெர்மார்தன் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. 1962 ஆகஸ்டில் கட்சியின் கோடைப் பள்ளி பொன்டார்துலைஸில் நடந்தது. லாங்கெனெக்கிலிருந்து சில மைல் தூரம்தான். அங்கே இளையவர்கள் கூடி, கட்சிக்குள் இது நடக்காது, தனி அமைப்பு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். வெல்ஷ் மொழிச் சங்கம் பிறந்தது. அபெரிஸ்ட்வித் என்ற கடலோரக் கல்லூரி நகரத்தைச் சேர்ந்த டெடி மில்வர்டும், பின்னால் வேல்ஸ் வரலாற்றாசிரியராகப் பெயரெடுத்த ஜான் டேவிஸும் முதல் செயலாளர்கள். (மில்வர்டுக்கு 1969இல் ஒரு வேடிக்கையான வேலை வாய்த்தது. இளவரசர் சார்லஸ் அபெரிஸ்ட்வித்துக்கு ஒரு பருவம் படிக்க வந்தபோது அவருக்கு வெல்ஷ் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான்.)

அதே ஆகஸ்டில் தேசிய ஐஸ்டெத்வொட், அதாவது வெல்ஷ் கவிதை, இசைப் பெருவிழா, லானெல்லியிலேயே நடந்தது. 1950 முதல் அந்த மேடையில் வெல்ஷ் தவிர வேறு மொழி கூடாது என்பது விதி. அந்த வருஷம் கவிஞருக்குப் பரிசாகத் தரும் நாற்காலியை வென்றவர் காரடோக் ப்ரிச்சர்ட். மேடையில் ஒரு வாரம் முழுக்க ஆங்கில வாசனையே படாமல் கவிதை நடத்தும் ஊர் வட்டாரம், வரி நோட்டீஸில் வெல்ஷைச் சேர்க்க எட்டு வருஷம் எடுத்துக்கொண்டது. விழா மொழி வேறு, வாழ்க்கை மொழி வேறு என்று லூயிஸ் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

அபெரிஸ்ட்வித்தில் மாணவர் கேரத் மைல்ஸ் சைக்கிளில் இன்னொருவரை ஏற்றிப் போனதற்காகச் சம்மன் வாங்கினார். சம்மன் ஆங்கிலத்தில் இருந்ததால் ஏற்க மறுத்தார். ஓர் இரவு லாக்கப். சைக்கிள் டபுள்ஸ் ஒரு மொழிப் போராட்டமாகும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

கைது செய்ய மறுத்த போலீஸ்

1963 பிப்ரவரி 2. கடும் குளிர், பனி. சங்கத்து இளைஞர்கள் அபெரிஸ்ட்வித்தில் கூடினார்கள். அஞ்சல் அலுவலகச் சுவரில் 'வெல்ஷைப் பயன்படுத்துங்கள்' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். போலீஸ் பிடிக்கும், சம்மன் கொடுக்கும், அதை வெல்ஷில் கேட்டு வழக்காக்கலாம் என்பது திட்டம். போலீஸ் வந்து பார்த்தது, யாரையும் பிடிக்கவில்லை. ஏமாற்றத்தில் ஒரு பகுதியினர் ஊரின் தெற்குப் பக்கம் இருந்த ட்ரெவெகான் பாலத்துக்குப் போய்ச் சாலையில் உட்கார்ந்து போக்குவரத்தை அரை மணிநேரம்போல நிறுத்தினார்கள். கோபத்தில் ஓட்டுநர்கள் கத்தினார்கள், இழுத்துப்போட்டார்கள். அப்போதும் கைது இல்லை.

நோக்கத்தை வைத்துப் பார்த்தால் அன்றைய நாள் தோல்வி. ஒரு சம்மன்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் பாலத்தில் உட்கார்ந்த இளைஞர்களின் புகைப்படங்கள் பத்திரிகைகளுக்குப் போயின. அப்புறம் வேல்ஸில் அந்தப் பாலம் தெரியாதவர் இல்லை.

எட்டே நாள் கழித்து, பிப்ரவரி 10 அன்று, ட்ரவெரின் அணை கட்டுமிடத்தில் மின்மாற்றியைக் குண்டு வைத்து உடைத்தார்கள். அபெரிஸ்ட்வித் மாணவர் எமிர் லெவெலின் உள்ளிட்ட மூவர். எமிருக்கு ஒரு வருஷச் சிறை. அதற்கு முன் 1962 செப்டம்பரில் இரண்டு பேர் அதே இடத்தில் மின்மாற்றியின் எண்ணெயைத் திறந்துவிட்டுப் பிடிபட்டு, ஆளுக்கு 50 பவுண்டு அபராதம் கட்டினார்கள். அணை நிற்கவில்லை. 1965 அக்டோபரில் திறந்தார்கள், கப்பெல் கெலின் தண்ணீருக்கடியில் போனது. 12 வீடுகளும் பண்ணைகளும், பள்ளிக்கூடம், அஞ்சலகம், தேவாலயம். லிவர்பூல் நகரசபை மன்னிப்புக் கேட்டது 2005இல்.

அதே வருஷம், சத்தமில்லாமல்

1962இன் மற்ற செய்திகளைச் சொற்பொழிவின் நிழலில் மறந்துவிடுகிறோம். நியூபோர்ட் பக்கத்தில் லான்வெர்ன் உருக்காலையை ராணி திறந்துவைத்தார். பொன்டிபிரித் அருகே ருத்வெலெனில் தென் வேல்ஸின் முதல் வெல்ஷ்வழி உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. அங்கே வந்த பிள்ளைகளில் பலரின் வீடுகளில் ஆங்கிலம்தான் பேச்சு. பின்னாளில் தெற்கில் மொழியைத் தாங்கியது இந்த வகைப் பள்ளிகள். அணை, பாலம், குண்டு என்று பேசுகிறவர்கள் ருத்வெலெனைச் சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

செப்டம்பரில் 'டெலெடி கம்ரி' என்ற வெல்ஷ் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒளிபரப்புக் கோபுரங்கள் நேரத்துக்குத் தயாராகவில்லை. கோபுரம் இல்லாமல் பார்வையாளர் இல்லை, பார்வையாளர் இல்லாமல் விளம்பரம் இல்லை. 1964 ஜனவரியில் அதைப் பக்கத்து நிறுவனம் விழுங்கிவிட்டது.

ஒரு வழக்கும் உண்டு. கெர்மார்தன் மாவட்டத்திலேயே அம்மன்ஃபோர்ட் பக்கம் உள்ளாட்சித் தேர்தலில் ஒருவர் வெல்ஷில் வேட்புமனு கொடுத்தார். தேர்தல் அலுவலர் தள்ளுபடி செய்தார். 1962இல் உயர் நீதிமன்றம் தள்ளியது தவறு என்றது. 1964இல் வெல்ஷ் தேர்தல் படிவங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. மறுபடியும் ஒரு படிவம்.

என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை

1963இல் அரசு டேவிட் ஹியூஸ் பாரி தலைமையில் வெல்ஷின் சட்ட நிலையை ஆராயக் குழு அமைத்தது. 1965இல் அறிக்கை வந்தது, 1967இல் வெல்ஷ் மொழிச் சட்டம். 1942இன் அந்த 'பாதகம்' நிபந்தனை போயிற்று. ஆங்கிலம் தெரிந்தவரும் விரும்பினால் நீதிமன்றத்தில் வெல்ஷ் பேசலாம். பீஸ்லி தம்பதி பன்னிரண்டு தடவைக்கு மேல் கேட்டது இதைத்தான். இடையில், 1964இல், லண்டன் அமைச்சரவையில் முதன்முறையாக வேல்ஸுக்கென்றே ஒரு தனி அமைச்சர் பதவி உருவாகி அதில் ஜேம்ஸ் கிரிஃபித்ஸ் உட்கார்ந்தார். லானெல்லித் தொகுதி உறுப்பினர், அம்மன்ஃபோர்ட் பக்கத்துக்காரர், வெல்ஷ் பேசுகிறவர். 1993 சட்டமும் 2011 சட்டமும் பிறகு வந்து, வெல்ஷ் இன்று வேல்ஸின் அலுவல் மொழி.

லூயிஸின் ஆரூடம் பலிக்கவில்லை. ஆனால் பீஸ்லி முறை காகிதத்தைத்தான் மாற்றியது, வீட்டுக்குள் பேச்சை அதனால் மாற்ற முடியவில்லை. 1971இல் 20.8 சதவீதம். 2021இல் 17.8 சதவீதம், சுமார் 5,38,000 பேர். விழுகிற வேகம் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. காகிதம் மாறினால் மொழிக்கு மதிப்பு வரும், மதிப்பு வந்தால் வீட்டில் பேசுவார்கள் என்பது லூயிஸின் கணக்கு. முதல் பாதி நடந்தது. இரண்டாவது பாதி, வேலைக்காக இளையவர்கள் ஊரைவிட்டுப் போவதையும் வெளியிலிருந்து வந்து குடியேறுவதையும் கணக்கில் எடுக்காத நம்பிக்கை. சுரங்கம் மூடினால் மொழி என்ன ஆகும் என்று ட்ரெவரைக் கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கெர்மார்தன் மாவட்டத்தில் 2001 வரை ஏறக்குறையப் பாதிப்பேர் வெல்ஷ் பேசினார்கள். 2011இல் 43.9 சதவீதம், 2021இல் 39.9. ஐலீன் பீஸ்லி 2012இல் காலமானார். அதற்கு ஐந்து வருஷம் கழித்து லாங்கெனெக் ஊர் மறுபடியும் செய்தியில் வந்தது. ஊரின் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலப் பிரிவும் வெல்ஷ் பிரிவும் இரண்டும் இருந்தன. முழு வெல்ஷ்வழியாக்குவது என்று மாவட்டக் கவுன்சில் முடிவெடுத்தது. ஒரு பகுதிப் பெற்றோர் எதிர்த்தார்கள். கடும் சண்டை, ஊரே இரண்டாகப் பிரிந்தது. இந்தத் தடவை கவுன்சில் வெல்ஷ் பக்கம் நின்றது. 2017 செப்டம்பரில் பள்ளி மாறியது.